மதுரையில் ஒரு பாலன்ஸ் ஷீட்

மதுரைக்குப் போகிறவர்கள் மீனாட்சியைக் கும்பிடுவார்கள், ஜிகர்தண்டா குடிப்பார்கள், மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். நான் போனது அண்ணா நகருக்கு, ஒரு ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்க! கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை. பி.காம். படித்தவனுக்கு வருகிற கோளாறுதான். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ ஆபரேஷன் செய்துவிட்டு, ஒரு ஆஸ்பத்திரி எப்படிக் கையைக் கடிக்காமல் ஓடுகிறது?

அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி.வெங்கடசாமி, சுருக்கமாக 'டாக்டர் வி', எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்களைக் கோணலாக்கிவிட்டது. அந்த விரல்களுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கி, ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார் மனுஷர்!

1976-ல், 58 வயதில் அரசு வேலையிலிருந்து ரிடையர் ஆனார். நம்ம ஆபீஸில் ரிடையர் ஆகிறவர் பி.எஃப். பணத்தை டெபாசிட்டில் போட்டுவிட்டுப் பேரனை ஸ்கூலுக்குக் கூட்டிப் போவார். இவரோ வீட்டை அடமானம் வைத்து, 11 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி ஆரம்பித்தார்.

கணக்கு சிம்பிள். காசு கொடுக்க முடிந்தவர் கொடுக்கிறார். முடியாதவருக்கு அதிலிருந்து செலவாகிறது. டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்க்கிறார்கள். ஒரு மேஜையில் ஆபரேஷன் முடிவதற்குள் பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயார். டாக்டர் நேரம் வீணாவதில்லை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து யானை விலையில் வந்துகொண்டிருந்தது. 1992-ல் 'அரோலேப்' தொடங்கித் தாங்களே தயாரித்து விலையை இறக்கினார்கள்.

கணக்கில் எழுதாத ஒரு அயிட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர், செக்கப்புக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோவில்பட்டிப் பக்கத்து அண்ணாச்சி. அந்தக் காலத்தில் அவருடைய அரிசி மில் களத்தில்தான் கண் முகாம் நடக்குமாம்.

"டாக்டர் வந்தா மொதல்ல எல்லாரும் அவரு விரலைத்தான் பாப்போம் தம்பி. இந்தக் கையா ஆபரேஷன் பண்ணுதுன்னு இருக்கும்."

"கூட்டம் அள்ளியிருக்குமே அண்ணாச்சி?"

"முகாமுக்குக் கூட்டம் வரும். 'மதுரைக்கு வாங்க, ஆபரேஷன் ஃப்ரீ'ன்னா பாதிப் பேரைக் காணாது. எங்க பெரியம்மாவே போகலை. 'பாத்தது போதும்டா'ன்னுட்டா. பயப்படுதான்னு நெனைச்சேன். பொறவுதான் தெரிஞ்சுது. பஸ்ஸுக்குக் காசில்ல. தொணைக்குப் போனா மவனுக்குக் கூலி போச்சு. அதை வாய்விட்டுச் சொல்ல வெக்கம். ரெண்டு வருசம் சுவத்தைத் தடவிக்கிட்டே நடந்தா."

இலவசம் என்பது கொடுப்பவர் பார்வையில்தான் இலவசம். வாங்குபவருக்குப் பஸ் சார்ஜ் உண்டு, சாப்பாட்டுச் செலவு உண்டு, போன கூலி உண்டு. இதை அரவிந்த்காரர்களும் கவனித்தார்கள். முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றி, சோறு போட்டு, ஆபரேஷன் முடித்துத் திரும்ப ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். அதன் பிறகுதான் படுக்கைகள் நிரம்பின. எந்த காலேஜில் இந்த காஸ்ட் அக்கவுன்டிங் சொல்லித்தருகிறார்கள், சொல்லுங்கள்!

டாக்டர் வி 2006 ஜூலை 7 அன்று காலமானார். பஸ்கள் இன்னும் வந்து போய்க்கொண்டிருக்கின்றன.

"பெரியம்மா என்ன ஆனாங்க அண்ணாச்சி?"

"பஸ் வந்ததும் ஏறிட்டால்ல! ஆபரேஷன் முடிஞ்சு கட்டுப் பிரிச்சதும் என்னைப் பாத்துக் கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுமா? 'ஏலே, ஒனக்கு எப்படா இவ்ளோ நரைச்சுது?'"