ரிப்போர்ட்டில் இருந்த அந்த "எஸ்"

1/
நைட் டியூட்டி முடிஞ்சு எழுதுறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். நான் செஞ்ச ஒரு தப்பு, அதுக்குப் பின்னாடி இருக்கிற ஒரு குட்டி புரோட்டீன் துண்டு, நீங்க மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்குற ஒரு மாத்திரை. மூணுக்கும் தொடர்பு இருக்கு. (நோயாளி யாருன்னு தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/
சில வருஷம் முன்னாடி ஓபிக்கு ஒரு கொத்தனார் வந்தார். முப்பது வயசு இருக்கும். தொடையில் சீழ்க்கட்டி. வெளியே கீறிவிட்டு, கல்ச்சர் ரிப்போர்ட்டும் கையோட கொண்டு வந்திருந்தார். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், அதுலயும் எம்ஆர்எஸ்ஏ. எரித்ரோமைசின்: ஆர். கிளிண்டாமைசின்: எஸ். "ஆர்"னா அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது, "எஸ்"னா அடங்கும்.

3/
"சார், அட்மிட் மட்டும் பண்ணிடாதீங்க. நாலு நாள் போகலைன்னா மேஸ்திரி வேற ஆளைப் போட்டுருவாரு."
கிளிண்டாமைசின் வாய்வழியா கொடுக்கலாம், ரிப்போர்ட்டும் எஸ்னு சொல்லுது. எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

4/
மூணு நாள் நல்லாத்தான் இருந்திருக்கு. ஆறாம் நாள் அவர் மனைவி கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாங்க. 103 டிகிரி காய்ச்சல். தொடை முழுக்க சிவந்து, வீங்கி, தொட்டாலே அலறுறார். ஒரு வேளை கூட விடாம சாப்பிட்டிருக்கார். காலி அட்டைகளை எடுத்து வரிசையா காட்டினார். அந்த அட்டைகளை என்னால நேரா பார்க்க முடியல.

5/
மறுபடி தியேட்டர், சீழ், புது கல்ச்சர், வான்கோமைசின் ஊசி. ரெண்டு நாள் கழிச்சு மைக்ரோபயாலஜி மேடம் லேபுக்குக் கூப்பிட்டாங்க. தட்டு முழுக்க கிருமி வளர்ந்திருக்கு. நடுவுல ரெண்டு மருந்து வில்லைகள் பக்கத்துப் பக்கத்துல. கிளிண்டாமைசினைச் சுத்தி கிருமி வளராத வெற்று வட்டம். ஆனா எரித்ரோமைசின் பக்கமா அந்த வட்டம் வெட்டுப்பட்டு, ஆங்கில "டி" எழுத்து மாதிரி இருக்கு. வட்டத்துக்குள்ளேயும் அங்கங்க சில புள்ளிகள் முளைச்சிருக்கு.
"எரித்ரோ ஆர், கிளிண்டா எஸ்னு வந்தா டி டெஸ்ட் பண்ணாங்களான்னு கேட்கணும் டாக்டர்" என்றார். இது நான் படிச்சு, பரீட்சையிலயும் எழுதின பாடம்தான். ஓபியில் ஞாபகம் வரல.

6/
ஏன் இப்படி ஆகுது? அதுக்குக் கிருமியின் ரைபோசோமுக்குள்ள போகணும். புரோட்டீன் செய்யும் மெஷின் அது. ஒரே ஓட்டை உள்ள இடியாப்ப அச்சுன்னு வச்சுக்கோங்க. உள்ளே அமினோ அமிலங்கள் ஒண்ணோட ஒண்ணு கோர்க்கப்பட்டு, ஒரு குறுகலான சுரங்கம் வழியா இழையா வெளியே வரும். பாக்டீரியாவில் நொடிக்கு 15 முதல் 20 அமினோ அமிலம் வரை கோர்க்கும். ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்குத்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவருக்கும் 2009-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

7/
எரித்ரோமைசின், அதன் உறவினர் அஜித்ரோமைசின் ரெண்டும் அந்தச் சுரங்கத்தின் உள்வாய்ப் பக்கம் போய் உட்காரும். அச்சு ஓட்டையில் கட்டி அடைச்ச மாதிரி. பல புரோட்டீன்கள் பாதியிலேயே நின்னுடும். கிருமி வளர முடியாது. இதுதான் மருந்து வேலை செய்யும் விதம்.

8/
ஆனா சில ஸ்டாஃபிலோகாக்கஸ் கிட்ட "எர்ம் சி"ன்னு ஒரு ஜீன் இருக்கு. அது செய்யும் என்ஸைம், ரைபோசோமில் மருந்து உட்காரும் இடத்தில் இருக்கும் ஒரே ஒரு எழுத்துல மீத்தைலை ஒட்டிடும். அப்புறம் மருந்துக்கு அங்கே உட்கார இடமில்லை. சாதாரண நாள்ல இந்த என்ஸைம் தேவையில்லை. அதனால அதைச் செய்யச் சொல்லும் ஆர்என்ஏ மடிஞ்சு, ஆரம்ப இடம் மடிப்புக்குள்ள மறைஞ்சிருக்கும்.

9/
மடிப்பைத் திறக்கிறது யார்? அந்த ஜீனுக்கு முன்னாடியே 19 அமினோ அமிலத்துல ஒரு குட்டி பெப்டைடு இருக்கு. அதுக்கு வேற பெரிய வேலை கிடையாது. மருந்து இல்லைன்னா ரைபோசோம் அதைச் செஞ்சு முடிச்சுட்டுப் போயிடும். சுரங்கத்துல எரித்ரோமைசின் இருந்தா, 9 அமினோ அமிலம் கோர்த்ததும் அப்பவே பிறந்த அந்தத் துண்டு, மருந்தோட சேர்ந்து ரைபோசோமையே ஸ்தம்பிக்க வச்சிடும். பத்தாவதைக் கோர்க்க முடியாது. ரைபோசோம் நடுவழியில் பிரேக்டவுன் ஆன லாரி மாதிரி நிக்கும்.

10/
அந்த லாரி நிக்கிற இடம்தான் விஷயம். அது அங்கே நிக்கிறதால ஆர்என்ஏவின் மடிப்பு பிரிஞ்சு, எர்ம் ஜீனின் ஆரம்ப இடம் வெளியே தெரியும். மருந்து இன்னும் போய்ச் சேராத வேறொரு ரைபோசோம் அதுல ஏறி என்ஸைமைச் செஞ்சிடும். 1980-ல் அமெரிக்காவில் பெர்னார்ட் வைஸ்ப்ளம், டேவிட் டப்னாவ் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியாக இதை விளக்கின. நாம போட்ட அடைப்பையே கிருமி அலாரமா வச்சிருக்கு!

11/
கிளிண்டாமைசின் உட்காரும் இடமும் கிட்டத்தட்ட அதேதான். மீத்தைல் ஒட்டிட்டா அதுவும் வெளியே. ஆனா கிளிண்டாமைசினால அந்த அலாரத்தை அடிக்க முடியாது. அதனால தனியா டெஸ்ட் பண்ணினா "எஸ்"னு ஏமாத்தும். பக்கத்துல எரித்ரோமைசின் வில்லை இருந்தா அது அலாரம் அடிக்கும், வட்டம் "டி"யாகும்.

12/
உடம்புக்குள்ள என்ன ஆகும்? கோடிக்கணக்கான கிருமிகள்ல சிலதுக்கு மடிப்புப் பகுதியில் ஒரு சின்ன பிழை வந்து, அலாரம் இல்லாமலேயே எப்பவும் என்ஸைம் செய்யும். கிளிண்டாமைசின் மத்ததைக் கொன்னு, இதுகளுக்கு இடம் காலி பண்ணிக் கொடுக்கும். தட்டில் பார்த்த அந்தப் புள்ளிகள் இதுகதான். மூணு நாள் நல்லா இருந்து ஆறாம் நாள் திரும்பினதும் இப்படித்தான்.

13/
வார்டில் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். அந்த வருஷம் சளி, இருமல்னு ரெண்டு மூணு தடவை மெடிக்கல் ஷாப்ல "அந்த மூணு மாத்திரை அட்டை" வாங்கியிருக்கார். அஜித்ரோமைசின்தான். அவருக்கு வந்த கிருமி அதனாலதான் அப்படி ஆச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா ஒவ்வொரு தடவை வீணா சாப்பிடும்போதும் நம்ம தோல்லயும் மூக்குலயும் எர்ம் இல்லாத கிருமி சாகும், எர்ம் உள்ளது தங்கும். அந்த ஜீன் ஒரு கிருமியிலிருந்து இன்னொண்ணுக்குக் கைமாறவும் செய்யும்.

14/
பொதுமக்களுக்கு: சாதாரண சளி, ஜலதோஷம் வைரஸால் வருவது. வைரஸுக்குச் சொந்தமா ரைபோசோமே கிடையாது. அஜித்ரோமைசின் அங்கே அடைக்க ஒண்ணும் இல்லை. தயவுசெஞ்சு கேட்டு வாங்காதீங்க. டாக்டர் எழுதினா முழுசா சாப்பிடுங்க.

15/
சக டாக்டர்களுக்கு, குறிப்பா ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கைகளுக்கு: எரித்ரோ ஆர், கிளிண்டா எஸ்னு பார்த்தா பேனாவைக் கீழே வச்சுட்டு லேபுக்கு ஒரு போன் போடுங்க. ஒரு நிமிஷம்தான் ஆகும்.

16/
அவர் பதினாலு நாள் வார்டில் இருந்து நடந்தேதான் வீட்டுக்குப் போனார். ஆனா மேஸ்திரி வேற ஆளைப் போட்டுட்டார். டிஸ்சார்ஜ் அன்னிக்கு, "முதல் ரிப்போர்ட்டைப் பார்த்து நான் ஒண்ணு கேட்டிருக்கணும், கேட்கல. தப்பு என்னுதுங்க"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "அடுத்த ஆளுக்குக் கேளுங்க சார்" என்றார்.

அன்னையிலிருந்து கேட்டுட்டு இருக்கேன்.

தூங்கப் போறேன்.