கல் பங்களாவில் ஒரு காலை

கள்ளக்குறிச்சியிலிருந்து வந்திருந்த என் அத்தைக்கு மலை என்றால் கல்வராயன் மலைதான். கடுக்காயும் தேனும் கிடைக்கிற மலை. "உதகமண்டலத்தில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டைப் பார்த்து வரலாமா?" என்றேன். "வீடு பார்க்கவா மலையேறுவார்கள்?" என்று சிரித்தாள். ஆனால் கம்பளியைப் பெட்டியில் வைக்க மறக்கவில்லை.

அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது அந்த வீடு. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கியது. உதகையில் எழுந்த முதல் ஐரோப்பியர் வீடு. மலைவாசிகள் 'கல் பங்களா' என்றார்கள். ஆங்கிலத்திலும் 'ஸ்டோன் ஹவுஸ்'தான்.

துரைக்குத் தோட்டம் என்றால் பைத்தியம்! சீமைக் காய்கறிகளையும் பழங்களையும் இந்தக் குளிரில் பயிரிட்டுப் பார்த்தார். ஓடைகளை மறித்து ஏரியும் வெட்டினார். இன்று நாம் படகு விடுகிறோமே, அதே ஏரிதான். நம் மசால் தோசைக்குள் இருக்கும் ஊட்டி உருளைக்கிழங்குக்கும் அவர்தான் பிள்ளையார் சுழி போட்டவர்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அது சரி, அதற்கு முன்னால் இந்த நிலம் யாருடையது?" என்றாள்.

பதில் சொல்லச் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி அது. ஏக்கர் ஒரு ரூபாய் என்று அவர்களிடம் வாங்கினார் துரை. விந்தை என்னவென்றால், இந்த மலை தோடர்களுக்கே உரியது என்று பின்னாளில் கும்பெனி சர்க்காரிடம் வாதாடியவரும் அவரேதான். மேலிடத்துக்கு அது ரசிக்கவில்லை.

அங்கிருந்து செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக்குப் போனோம். 1830-ல் பிரதிஷ்டை ஆனது. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை. அங்கேதான் சல்லிவனின் மனைவி ஹென்ரியெட்டாவையும் மகள் ஹாரியட்டையும் அடக்கம் செய்திருக்கிறார்கள். இருவரும் 1838-ல் காலமானார்கள். 1841-ல் துரை மலையை விட்டு இறங்கினார். 1855-ல் இங்கிலாந்தில் இறந்தார்.

"தோட்டம் போட்டவன் போய்விட்டான். பெண்டாட்டியும் பெண்ணும் மட்டும் இங்கேயே!" என்றாள் அத்தை. கல்லறையருகே உதிர்ந்து கிடந்த சருகுகளைக் கையாலேயே தள்ளிச் சுத்தம் செய்தாள்.

திரும்பும் வழியில் மார்க்கெட்டில் இரண்டு கிலோ உருளைக்கிழங்கு வாங்கினாள். கள்ளக்குறிச்சியில் கிடைக்காதா என்றேன்.

"கிடைக்கும். இது அந்தத் தோட்டத்து ஊர்க் கிழங்கு" என்று பையை இறுகக் கட்டினாள்.