கண்ணாடி நிறப் பலகைகள்



விடுமுறை வேதாகமப் பள்ளியில் திரையில் காட்டப்பட்ட ஆசரிப்புக்கூடாரத்தைக் கண்டவர்களில் பலர், அதன் பலகைகள் முன்புறம் மட்டும் பொன்னிறமாகவும் பின்புறம் கண்ணாடிபோலவும் இருந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ஆலய வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய விடையன்று அது. ஆகவே இவ்வாரத் தியானத்தை அதற்கே ஒதுக்குகிறேன். கணினிச் செய்தியும் கணக்கும் வழக்கத்தைவிடச் சற்று மிகுதியாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாதிரி லெகோ கட்டைகளால் ஆனது. ஆனால் கையில் எடுக்கத்தக்க கட்டை ஒன்றுகூட அதில் இல்லை. டென்மார்க்கின் பில்லுண்டிலிருந்து வரும் அந்தக் கட்டைகளை நீங்கள் அறிவீர்கள். மேலே குமிழும் உள்ளே குழலுமாக ஒன்றையொன்று இறுகப் பற்றும் இன்றைய அமைப்புக்கு 1958-ல் காப்புரிமை விண்ணப்பம் அளிக்கப்பட்டது. நம் சபையில் அதைப் பெட்டிபெட்டியாக வாங்கிக் கொடுக்கக்கூடிய வீடுகள் மிகச் சில. ஆனால் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு தம்பியின் வீட்டில், அவன் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி இருந்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்திருந்தது. பெரும்பாலான வீடுகளில் அந்த இரண்டாவதை எவரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. இவன் பார்த்தான். பிறகு டெபியன் லினக்ஸைத் தானே நிறுவி, அதில் லியோகேட் என்னும் மென்பொருளையும் சேர்த்துக்கொண்டான். ஒரு காசு செலவில்லை.

லெகோ நிறுவனமும் ஒரு காலத்தில் இவ்வகை மென்பொருளை வெளியிட்டது. அது விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே இருந்தது; பின்னர் நிறுத்தப்பட்டது. லினக்ஸில் இன்று நாம் பயன்படுத்துவதன் அடித்தளம் வேறு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்பவர் 1995-ல் எல்டிரா என்னும் நிரலை எழுதினார். 1997-ல் இளம் வயதிலேயே காலமானார். அவர் வகுத்த கோப்பு முறை எவரும் திறந்து வாசிக்கத்தக்க வெறும் எழுத்துக் கோப்பு. ஆதலால் அவர் முகத்தையும் கண்டிராத பலர் அந்தப் பணியைத் தொடர முடிந்தது. இன்றும் தன்னார்வலர் ஒருவர் ஒரு கட்டையை அளந்து கோப்பாக எழுதுகிறார்; வேறு சிலர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருகிறார்கள்; அதன் பின்னரே அது பாகங்களின் நூலகத்தில் அதிகாரபூர்வமாக ஏறுகிறது. எட்டுக் குமிழ் கொண்ட சாதாரணக் கட்டையின் எண் 3001. அந்தக் கோப்பைத் திறந்தால், ஆக்கியவர் என்ற இடத்தில் இன்றும் ஜெஸ்ஸிமனின் பெயர் இருக்கிறது. தம்பி அதை எனக்குக் காட்டியபோது சற்று நேரம் பேச்சு எழவில்லை.

இனி நம் மாதிரிக்கு வருவோம். எல்டிராவில் அளவுக்குத் தனி அலகு உண்டு. குமிழுக்கும் குமிழுக்கும் இடையே 20 அலகு. கட்டையின் உயரம் 24. மெல்லிய தட்டின் உயரம் 8. ஓர் அலகு 0.4 மில்லிமீட்டர். முதலில் ஒரு முழத்துக்கு ஒரு குமிழ் என்று வைத்தோம். யாத்திராகமம் 26-ன்படி பலகையின் அகலம் ஒன்றரை முழம். ஒன்றரைக் குமிழ் அகலத்தில் சாதாரணக் கட்டை கிடையாது. முழத்துக்கு இரண்டு குமிழ் ஆக்கினோம். பலகை சரியாயிற்று, உடன்படிக்கைப் பெட்டி இடறியது. அதன் உயரமும் ஒன்றரை முழம், 60 அலகு, 8-ஆல் வகுத்தால் ஏழரைத் தட்டு. அரைத்தட்டுக்கு எங்கே போவது? முழத்துக்கு நான்கு குமிழ் என்று மாற்றியபோதுதான் எல்லாம் இசைந்தது. பெட்டியின் உயரம் 5 கட்டை. வெண்கலப் பலிபீடத்தின் உயரம் 10 கட்டை. பத்து முழப் பலகை 33 கட்டையும் ஒரு தட்டும். மேசையில் கட்டினால் பிராகாரம் மட்டும் 3.2 மீட்டர் நீளம் வரும்; திரையில் இடப் பஞ்சம் இல்லை.

இங்கேதான் தம்பி கேட்டான்: "ஐயா, பலகைக்கு உயரம் இருக்கு, அகலம் இருக்கு. கனம் எவ்வளவு?"

திருமறையில் இல்லை. நாற்பத்தெட்டுப் பலகைகளின் உயரமும் அகலமும், காதுகளும், வெள்ளிப் பாதங்களும், பொன் தகடும் சொல்லப்பட்டிருக்கின்றன, கனம் சொல்லப்படவில்லை. பிரசங்கத்தில் இது ஒரு இடையூறே அன்று. படம் வரைகிறவருக்கும் பெரிய இடையூறு இல்லை. கட்டை அடுக்குகிறவன் மட்டும் தப்ப முடியாது. கனமில்லாத கட்டை ஒன்று உலகில் இல்லை.

இந்தக் கேள்வி பழமையானது. முதலாம் நூற்றாண்டின் யோசேப்பஸ் நான்கு விரற்கனம் என்று எழுதினார். அதாவது முழத்தில் ஆறில் ஒரு பங்கு. நம் அளவில் ஒரு குமிழுக்கும் குறைவு. யூத ரபிமார் மரபோ அடிப்பாகத்தில் ஒரு முழக் கனம் என்கிறது. அவர்கள் கணக்கு அழகானது. மேற்குப் புறத்தில் ஆறு பலகை, மூலைக்கு இரண்டு, ஆக எட்டு. எட்டு ஒன்றரை பன்னிரண்டு முழம். உள் அகலம் பத்து முழம் என்றால், மீதி இரண்டு முழம் இரு பக்கச் சுவர்களின் கனம். ஆனால் உள் அகலம் பத்து முழம் என்பதும் நேரடியாக எழுதப்பட்டதன்று, ஊகித்து அறிவது.

ஒரு முழக் கனத்தை மரமாக எண்ணிப் பாருங்கள். முழத்தை 45 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு பலகை ஏறக்குறைய 1.37 கன மீட்டர். சீத்திம் மரம் போன்ற கெட்டி மரத்தில் அது ஒரு டன்னை நெருங்கும். நாற்பத்தெட்டுப் பலகைகளையும், அவற்றோடு தாழ்ப்பாள்களையும் தூண்களையும் பாதங்களையும் சுமக்க வேண்டிய மெராரி புத்திரருக்கு எண்ணாகமம் 7-ல் கொடுக்கப்பட்டவை நான்கு வண்டிகளும் எட்டு மாடுகளும். பாரவண்டி ஓட்டியவர் எவரிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். ஆகையால் சில ஆராய்ச்சியாளர்கள் இவை கெட்டிப் பலகைகளே அல்ல, திறந்த சட்டங்கள் என்று கருதுகிறார்கள். எனக்கும் அந்தப் பக்கமே சாய்வு. ஆனாலும் என் சாய்வைத் தம்பியின் கோப்பில் பொன்னிறத்தில் ஏற்றுவதற்கு எனக்கு என்ன உரிமை?

இந்த மென்பொருளில் நம்மைத் தடுப்பார் இல்லை. அதற்குப் புவியீர்ப்பு தெரியாது; கட்டை அந்தரத்தில் நிற்கும். ஒரே இடத்தில் இரண்டு கட்டைகளை ஒன்றினுள் ஒன்றாக வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். கடையில் கிடைக்காத நிறத்தையும் எந்தக் கட்டைக்கும் கொடுக்கும். நாம் ஊகித்ததும் எழுதியிருப்பதும் ஒரே பளபளப்போடு திரையில் நிற்கும். பார்க்கிற பிள்ளைக்கு எது எது என்று தெரியாது.

ஆகவே ஒரு முறை வகுத்தோம். திருமறையில் எழுதப்பட்ட அளவுக்கு முழு நிறம். நாங்கள் இட்டு நிரப்பியதற்குக் கண்ணாடி நிறம். எல்டிரா கோப்பில் ஒரு கட்டை என்பது ஒரு வரி: நிறத்தின் எண், இடத்தைக் குறிக்கும் மூன்று எண்கள், திருப்பத்தைக் குறிக்கும் ஒன்பது எண்கள், கடைசியில் கட்டையின் கோப்புப் பெயர். மஞ்சளுக்கு 14, கண்ணாடிக்கு 47. தம்பி பலகையைத் துணை மாதிரியாக ஒரே ஒருமுறை கட்டி, அதை நாற்பத்தெட்டு இடங்களில் வைத்திருந்தான். ஒவ்வோர் அடுக்கிலும் முன்னால் பொன்னுக்காக மஞ்சளில் ஒரு கட்டை, பின்னால் இரண்டு; பலகை ஒன்றுக்குத் தட்டு நீங்கலாக 99. அந்த ஒரே துணை மாதிரியில் பின்கட்டைகளின் எண்ணை 47 ஆக்கிச் சேமித்ததும், 4,752 கட்டைகள் கொண்ட சுவர் முழுவதும் ஒரே நொடியில் மாறிற்று. முன்முகம் பொன், அதன் பின்னே ஒளி ஊடுருவும் கனம். பிறகு ஒவ்வொன்றாகப் போனோம். வெண்கலத் தொட்டிக்கு ஓர் அளவும் கொடுக்கப்படவில்லை, முழுவதும் கண்ணாடி. குத்துவிளக்குக்கு ஆறு கிளை, ஏழு அகல், ஒரு தாலந்து பசும்பொன் என்று உண்டு, உயரம் இல்லை. அதை எப்படிக் காட்டுவது என்று ஒரு மாலை முழுவதும் வாதிட்டோம். சமுகத்தப்ப மேசையும் தூபபீடமும் முழு நிறத்தோடு நின்றன. மூடுதிரைகளை விட்டுவிட்டோம், துணியின் மடிப்புக்குக் கட்டையில் வழியில்லை.

சபைக் குழுவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இதை விரும்பவில்லை. "ஐயா, பிள்ளைகள் இதைப் பார்த்து வேதத்தில் ஓட்டை இருக்கிறது என்று எண்ண மாட்டார்களா? பெரியவர்களுக்குச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு முழுசாகக் காட்டுங்கள்" என்றார். அவர் அன்பினால் சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாற்பது ஆண்டு வகுப்பறை கண்டவர் அவர்.

ஆயினும் நான் இணங்கவில்லை. காரணம், கல்லூரிக்குப் போய்த் திரும்பும் நம் பிள்ளைகளிடம் நான் கேட்கிற ஒன்று. சாஸ்திரிகள் மூவர் என்று கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆண்டுதோறும் நடித்தவர்கள், மத்தேயுவில் அந்த எண்ணிக்கை இல்லை என்பதை விடுதியில் ஒரு நண்பன் வாயிலாக அறிகிறார்கள். மூன்று என்ற எண் போவதோடு நிற்பதில்லை. "வேறு எதையெல்லாம் நீங்கள் சேர்த்தீர்கள்?" என்ற கேள்வி வருகிறது. நாடகமும் வேதமும் ஒரே நிறத்தில் கொடுக்கப்பட்டதால், ஒன்றை உரிக்கும்போது மற்றதும் சேர்ந்து வருகிறது. அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று ஆலயத்தில் இல்லை. மோசேக்கு மலையின்மேல் மாதிரியே காண்பிக்கப்பட்டது. நமக்கு வந்து சேர்ந்தது அதைப்பற்றிய சொற்கள். சொற்கள் நிற்கிற இடத்தில் நாமும் நின்று, அதற்கப்பால் வைப்பதற்கு வேறு நிறம் பூசினால், வளர்ந்த பின் அந்தப் பிள்ளை கண்ணாடியை எடுத்துவிட்டாலும் பொன் அதே இடத்தில் இருக்கும். தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் தலையசைக்கவில்லை. ஆனால் மறுவாரம் பழைய வேதாகமம் ஒன்றோடு வந்து, தம்பியின் அருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

இப்போது அவர்கள் இருவரும் மூலைப் பலகைகளில் இருக்கிறார்கள். இருபத்தாறாம் அதிகாரம் 23, 24 வசனங்கள். அந்த இரண்டு பலகைகளும் கீழும் மேலும் எவ்விதம் இணைந்திருந்தன என்பது மூலமொழியிலேயே கடினமான பகுதி. தம்பி மூன்று விதமாகக் கட்டி மூன்று கோப்பாகச் சேமித்திருக்கிறான். மூன்றிலும் அவை கண்ணாடி நிறத்திலேயே நிற்கின்றன. கோப்பு வேண்டுவோர் ஞாயிறு ஆராதனைக்குப் பின் அவனிடம் பெற்றுக்கொள்ளலாம். பென் டிரைவ் கொண்டுவாருங்கள்.