எங்கள் தகரமும் பக்கத்து வீட்டுக் குசினியும்



இன்று நவம்பர் 23. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஆட்களுக்கு இந்தத் திகதியைச் சொன்னாலே போதும். 1978இல் இதே நாள், ஒரு வியாழக்கிழமை, சூறாவளி எங்கள் கரையில் ஏறியது. 900 பேருக்கு மேல் மௌத்தானார்கள். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன. மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னைகளில் பெரும்பகுதி ஓர் இரவுக்குள் சரிந்தது.

எங்கள் உம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கிடுகுக் கூரை போய், மண்சுவர் விழுந்து, பக்கத்துக் கல்வீட்டின் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்தார்களாம். நடுவில் காற்று திடீரென்று அடங்கியது. "முடிஞ்சி எண்டு நெனச்சி வெளிய வந்த ஆக்களத்தான் மறுபக்கத்தால வந்த காத்து அள்ளிட்டுப் போன" என்பார். சூறாவளியின் கண் கடக்கும்போது அப்படித்தான் நடக்கும், பிறகு காற்று எதிர்த்திசையில் இருந்து வரும் என்று நாங்கள் பாடசாலையில் கரும்பலகையில் வட்டம் போட்டுப் படிப்பிக்கிறோம். உம்மா அதைக் கட்டிலுக்குக் கீழே படுத்துப் படித்தவர்.

இன்று எழுத வந்தது அந்தப் பெரிய காற்றைப் பற்றியல்ல. போன மாதம் எங்கள் வீட்டில் அடித்த, பெயரே இல்லாத, கால் மணித்தியாலக் காற்றைப் பற்றி. எங்கள் பிழை ஒன்றையும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மாதமாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறோம்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு வீட்டு வாசலில் ஒரு பத்தி இறக்கினோம். மாலை வகுப்புப் பிள்ளைகள் வெயில் படாமல் இருக்க, மோட்டார் சைக்கிள் நனையாமல் நிற்க. தகரச் சீற் பதினொன்று. வேலை செய்த ஓடாவியார் அப்போதே சொன்னார்: "சேர், முன்பக்கம் திறந்து கிடக்கு. காத்து உள்ளுக்குப் பூந்தா மேல தூக்கும். கைமரத்த இரும்புப் பட்டி போட்டுச் சுவரோட இறுக்குவம். சீற்றுக்கு ஆணி வேணாம், வாசர் வச்ச திருகாணி போடுவம்." கணக்குப் பார்த்தோம். சில ஆயிரம் ரூபாய் கூட வந்தது. "பத்திதானே, ஆணி காணும்" என்றோம். அவர் மறுபடி கேட்கவில்லை. எங்கள் வீடு, எங்கள் காசு.

உம்மா மட்டும் ஒவ்வொரு ஒக்டோபரும் ஞாபகப்படுத்துவார். "வாப்பா தோணிக் கயித்தால கூரயக் கட்டி வைக்கிற. நீங்களும் ஒரு கயித்தப் போட்டு இறுக்குங்களன்." நாங்கள் சிரிப்போம். உம்மாவுக்கு இன்னும் எழுபத்தெட்டாம் ஆண்டு முடியவில்லை என்று பிள்ளைகளிடம் சொல்வோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அன்று காலையில் இருந்தே புழுக்கம். ஒக்டோபர், நவம்பரில் எங்கள் பக்கம் இப்படித்தான். பகல் முழுக்க வெக்கை, பின்னேரம் இடி மழை. இடி மழையின்போது தற்காலிகமாகப் பலத்த காற்றும் வீசலாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அடிக்கடி அறிவிக்கும். கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது வாவிப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. காகம் ஒன்றையும் காணவில்லை. கொடியில் கிடந்த உடுப்பை எடுப்பதற்குள் காற்று வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் குளியலறைக்கு மட்டும்தான் கொங்கிறீட் பிளேட். மேலே தண்ணீர்த் தாங்கி வைப்பதற்காகப் போட்டது. உம்மாதான் எல்லோரையும் அதற்குள் தள்ளினார். ஐந்து பேர், ஒரு வாளி, ஒரு டோர்ச் லைட். முதலில் தகரம் படபடவென்று அடித்தது. பிறகு ஆணி கழரும் சத்தம், பல்லைக் கூசவைக்கிற சத்தம். அதற்குப் பிறகு பத்திப் பக்கம் சத்தமே இல்லை. போய்விட்டது என்று விளங்கியது. சின்னவன் பயத்தில் காற்றை ஏசினான். "காத்த ஏசப்படா மகன். அது அல்லாஹ்ட கட்டளையில வாறது. நல்லதக் கேளுங்க" என்று உம்மா அவனை அணைத்துக்கொண்டு துஆ ஓதினார். எங்களுக்கு ஓதவும் நாக்கு வரவில்லை.

காற்று அடங்கியதும் கதவைத் திறக்கப் போனோம். உம்மா விடவில்லை. "இரிங்க. மறுபக்கத்தால வரும்." வரவில்லை. இது அந்த இனக் காற்று அல்ல, இடிமுகிலில் இருந்து கீழே இறங்கி அடித்துவிட்டுப் போகிற காற்று. ஆனாலும் பத்து நிமிடம் இருந்தோம். அந்த ஒரு தடவையாவது உம்மாவின் சொல்லைக் கேட்டோம்.

வெளியே வந்தால் பத்தி இருந்த இடத்தில் வானம். உள்வீட்டு அஸ்பெஸ்டோஸ் சீற் மூன்று வெடித்து, ஒன்று முழுதாக விழுந்திருந்தது. மேசையில் திருத்துவதற்கு வைத்திருந்த ஒன்பதாம் தரத் தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் தண்ணீருக்குள் கிடந்தன. மெத்தை, அரிசி, பிள்ளைகளின் கொப்பிகள் எல்லாம் ஊறிவிட்டன. பதினொரு தகரத்தில் சில றோட்டில், சில வேலியில், ஒன்று முருங்கை மரத்தில். இரண்டு தகரம் கைமரத்தோடு சேர்ந்தபடி பக்கத்து வீட்டு ராத்தாவின் குசினிக்கு மேல் கிடந்தன.

அந்த ராத்தா கணவரை இழந்தவர். இடியப்பம் அவித்து விற்றுத்தான் மகளைப் படிப்பிக்கிறார். மகள் இந்த முறை சாதாரண தரம் எழுதப் போகிறாள். குசினியின் ஓடு முழுக்க நொறுங்கி உள்ளே விழுந்திருந்தது. மா மூட்டை நனைந்து கூழாகிக் கிடந்தது. அடுப்படியில், மகள் வழக்கமாகக் குந்தி இருந்து தேங்காய் துருவும் இடத்தில், எங்கள் கைமரம் நிமிர்ந்து நின்றது. காற்று தொடங்கியதும் ராத்தா அவளை முன்னறைக்குக் கூப்பிட்டாராம். சில நிமிட வித்தியாசம். அந்த மரத்தைப் பார்த்தபோது எங்கள் வீட்டுக்கு என்ன நடந்தது என்பதே மறந்துபோனது.

ராத்தா வேலி ஓரமாக வந்து கேட்ட முதல் கேள்வி: "சேர், உம்மாக்கு ஒண்டுமில்லயா? புள்ளயள் சுகமா?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

மக்ரிபுக்குச் சற்று முன்பு பழைய மாணவர்கள் நான்கு பேர் வந்தார்கள். ஒருவன் மேசன், ஒருவன் முச்சக்கர வண்டி ஓட்டுகிறான், இருவர் கடலுக்குப் போகிறார்கள். வகுப்பில் எங்களிடம் நிறைய ஏச்சு வாங்கியவர்கள். ஊர் முழுக்கத் தேடி ஒரேயொரு தறப்பாள் கொண்டு வந்திருந்தார்கள். மழை மறுபடி தூறத் தொடங்கியது. "சேர், எங்க கட்டுற?" என்று கேட்டார்கள்.

உண்மையைச் சொல்கிறோம். நாங்கள் உடனே வாய் திறக்கவில்லை. எங்கள் நடுஅறைக்கு மேல் வானம் தெரிந்தது. பிள்ளைகளின் புத்தகம், உம்மாவின் கட்டில் எல்லாம் அங்கேதான். அந்த நாலைந்து நொடிக்குள் எத்தனையோ நியாயம் மனதில் ஓடியது. உம்மாதான் சொன்னார்: "அங்க கட்டுங்க மகன். எங்கட தகரம் உடச்ச வீடு."

தறப்பாள் ராத்தாவின் குசினிக்குப் போனது. அன்றிரவு நாங்கள் ஐந்து பேரும் ராத்தாவின் முன்னறையில்தான் படுத்தோம். அவர் எங்களை விட்ட பாடில்லை. யாருடைய கூரையை உடைத்தோமோ அந்த வீட்டுக் கூரைக்குக் கீழேதான் நித்திரை கொண்டோம்.

நித்திரைக்கு முன்பு சொல்லிவிட்டோம். ஓடாவியார் சொன்னதையும், நாங்கள் காசு மிச்சம் பிடித்ததையும். "எங்கட பிழை ராத்தா. மன்னிக்கணும்." அவர் சொன்னது ஒன்றுதான்: "கத்ர் சேர். அல்லாஹ்ட நாட்டம். நீங்களா காத்த அனுப்பின?"

அவர் பெருந்தன்மைக்கு அது சரி. எங்களுக்கு அது விடுதலை இல்லை. காற்று வந்தது கத்ர். திருகாணி போடாதது எங்கள் கஞ்சத்தனம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் இது. கட்டாமல் விட்ட ஒட்டகம் அடுத்தவரின் பயிரை மேய்ந்தால் "கத்ர்" என்று நாம் சொல்ல முடியுமா? பாதிக்கப்பட்டவர் சொல்லலாம், அது சபுர். பாதிப்பைச் செய்தவர் அதையே சொன்னால் அது தப்பித்தல்.

அடுத்த நாள் அலுவலர் சேத விபரம் எடுக்க வந்தார். ராத்தா வீட்டுப் படிவத்தில் காரணம் "காற்று" என்று எழுதினார். "எங்கட தகரம் விழுந்தது என்றும் எழுதுங்கள்" என்றோம். "எல்லாம் காற்றுத்தானே சேர்" என்று சிரித்தார். எழுதியும் கொண்டார்.

அந்த மாதச் சம்பளத்தில் முதலில் ராத்தாவின் குசினியை முடித்தோம். எங்கள் வீட்டுக்குத் தறப்பாளே போதுமாக இருந்தது. இடியப்பம் விற்க முடியாமல் போன நாட்களுக்குக் காசு கொடுக்கப் போனபோது அவர் வாங்க மறுத்தார். "இது ஸதக்கா இல்ல ராத்தா, உங்கட ஹக்கு. வாங்காட்டி நாளைக்கு எங்கட கழுத்தில கிடக்கும்" என்று பிள்ளைகளின் உம்மா சொன்னதும் வாங்கிக்கொண்டார். மாணவர்களின் வீடுகளுக்கு உலர் உணவுப் பொதி கொண்டுபோய்க் கொடுத்துப் பழகிய கைகள் எங்களுடையவை. கொடுப்பது இலேசு என்றும், வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும்தான் கஷ்டம் என்றும் அப்போதுதான் தெரிந்தது.

விடைத்தாள்களை ராத்தாவின் இடியப்பத் தட்டுகளில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்தோம். போல் பேனையால் எழுதியவை தப்பின. ஜெல் பேனையால் எழுதிய ஏழு பேரின் எழுத்து கரைந்துவிட்டது. அதிபரிடம் சொல்லி, வகுப்பிலும் அப்படியே சொன்னோம். ஏழு பேரும் மறுபடி எழுதினார்கள். ஒருத்தி மட்டும் "சேர், இந்த முற கூட வரும்" என்றாள். கூடத்தான் வந்தது.

இனி, எங்களுக்குக் காசு கொடுத்தும் காலம் கடந்தும் விளங்கிய சிலவற்றை எழுதுகிறோம். வாடைக்காலம் வாசலில் நிற்கிறது.

1. காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதில்லை, தூக்குகிறது. மேலே இழுக்கும், கீழே புகுந்து தள்ளும். முன்பக்கம் திறந்த பத்தியும் சுவருக்கு வெளியே நீண்ட இறப்பும்தான் முதலில் போகும். சீற்றுக்கு ஆணிக்குப் பதிலாகத் திருகாணி, ஓரங்களில் நெருக்கமாக. கைமரம் சுவரோடு பட்டியால் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

2. கூரைக்கு மேல் பாரத்துக்கு வைத்த கல், பழைய ரயர், வெட்டி மிஞ்சிய தகரத் துண்டு எல்லாவற்றையும் இறக்குங்கள். காற்றில் அவை பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

3. வீட்டில் எந்த மூலை பலம் என்று இப்போதே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். யன்னலில் இருந்து தூரமாக, பிளேட் போட்ட சின்ன அறை இருந்தால் அதுவே நல்லது.

4. உடைந்த அஸ்பெஸ்டோஸைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள், வெட்டாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு, துண்டுகளை முழுதாக எடுத்துப் பையில் கட்டுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம்.

5. விழுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொட வேண்டாம், செத்த கம்பி என்று நினைக்கவும் வேண்டாம். மின்சார சபைக்கு 1987. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

6. துப்புரவு செய்ய முன்பு சேதத்தைப் படம் எடுத்து, கிராம சேவகருக்கு அறிவியுங்கள். உறுதி, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ்களை ஒரு தடித்த பொலித்தீன் பையில் போட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள்.

7. பக்கத்து வீட்டுக் கூரையையும் ஒருதரம் பாருங்கள். குறிப்பாக ஆண் துணை இல்லாத வீடுகள், வயதானவர்கள் தனியே இருக்கும் வீடுகள். ஏணி வைத்து நாலு திருகாணி இறுக்க அரை மணித்தியாலம் போதும்.

புதிய பத்தி போன கிழமை முடிந்தது. முந்தியதைவிடச் சின்னது. அதே ஓடாவியார்தான் வந்தார். இந்த முறை அவர் சொன்னதைவிட ஒரு பட்டி கூடவே போடச் சொன்னோம். வேலை முடிந்ததும் உம்மா ஒரு கதிரையைப் போட்டு ஏறி, கைமரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "இப்ப சரி" என்று இறங்கினார். 47 வருடத்துக்குப் பிறகு உம்மா ஒரு கூரையைப் பற்றி அப்படிச் சொல்லி முதல் தடவையாகக் கேட்டோம்.

1978இல் மௌத்தானவர்களின் பாவங்களை அல்லாஹ் மன்னிப்பானாக. எங்கள் கஞ்சத்தனத்தால் ஒரு பிள்ளைக்கு வந்திருக்கக்கூடிய ஆபத்தைத் தடுத்தவனுக்கே எல்லாப் புகழும். இதை வாசித்து முடித்தவர்கள் பகிராவிட்டாலும் பரவாயில்லை. இன்று பின்னேரம் ஏணியை எடுத்து உங்கள் கூரையை ஒருதரம் பாருங்கள்.