வற்றாப்பளைக்குப் போகும் வழியில்

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதி வழியே புளியங்குளம் வரை சென்று, அங்கே கிழக்கே திரும்பி, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், முள்ளியவளை என்னும் ஊர்களைக் கடந்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலை அடைகின்ற மார்க்கத்தில், வைகாசி விசாகப் பொங்கலுக்குச் செல்லும் சனக்கூட்டத்தோடு நானும் ஒருவனாகப் பஸ்ஸிலே நெருக்குண்டு போனதற்குப் பக்திதான் காரணம் என்று யாரேனும் எண்ணினால், அவர் என்னைச் சற்று உயர்வாக மதிப்பிட்டவராவார். இந்தப் பிரபஞ்சத்தைச் சிருஷ்டித்த ஒருவன் உண்டு என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் தோன்றியதில்லை. மாரி பெய்து குளம் நிறைந்த மறுவாரமே வன்னி வயல் பச்சை பிடிப்பதைப் பார்த்தவனுக்கு அந்தச் சந்தேகம் எளிதில் தோன்றவும் மாட்டாது. ஆனால் அவனுடைய சந்நிதிக்கு வழி இதுவே என்று மதில் கட்டி, வாயில் வைத்து, உள்ளே வரத்தக்கார் இன்னார், தகாதார் இன்னார் என்று வகுத்து, அவன் பெயராலே நிலமும் அதிகாரமும் தேடிக்கொள்ளுகின்ற ஸ்தாபனங்களைக் காணும்போதுதான் என் மனம் பின்வாங்குகிறது.

புளியங்குளத்தில் திரும்பாமல் நேரே போயிருந்தால், மாங்குளத்துக்கு அப்பால் முறிகண்டிப் பிள்ளையாரைக் கண்டிருக்கலாம். அவரிடத்தில் எனக்கு மனஸ்தாபம் எதுவும் இல்லை. லொறி ஓட்டுபவர் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று அவர் கேட்பதில்லை. வாகனத்தை நிறுத்தி, தேங்காயை உடைத்து, கர்ப்பூரத்தைக் கொளுத்தி, ஒரு சுருள் கச்சானும் வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடலாம். சமயம் என்பது இவ்வளவோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் நேர்ந்திராது.

நெடுங்கேணிப் பக்கத்துக் காடுகளோ வேறு கதை சொல்லுகின்றன. அங்கே வெடுக்குநாறி மலையிலிருந்த ஆதிலிங்கேஸ்வரர் ஆலயத்தின் விக்கிரகங்கள் 2023 மார்ச்சில் உடைத்தெறியப்பட்டன. மறு வருஷம் சிவராத்திரி இரவில் அங்கே பூசை செய்யப் போனவர்களில் எட்டுப் பேர் கைது செய்யப்பட்டுப் பல நாள் மறியலில் கிடந்தார்கள். தண்ணிமுறிப்புக் குளத்தையடுத்த குருந்தூர்மலையில், ஆதி ஐயனாரென்று ஊரவர் கும்பிட்டுவந்த இடத்திலே, 2021 ஜனவரியில் தொல்பொருள் அகழ்வு தொடங்கிற்று. பின்னர் நீதிமன்றத் தடையையும் பொருட்படுத்தாமல் விகாரைக் கட்டடம் எழுந்தது. அவ்வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி சரவணராஜா, 2023 செப்டெம்பரில், உயிரச்சுறுத்தல் உண்டென்று கூறிப் பதவியைத் துறந்து நாட்டை விட்டே வெளியேறினார். அந்த மலையிலே பழைய பௌத்தச் சின்னங்கள் உள்ளன என்பதை நான் மறுக்கவில்லை. மணிமேகலையைப் பாடிய சாத்தனாருடைய மொழியைப் பேசுகின்ற நாம், அவற்றைக் கண்டு மிரள வேண்டியதுமில்லை. ஆசையை ஒழிக்கச் சொன்ன மகான் ஒருவரின் பெயரால் காணி பிடிக்கப்படுகிறதே, அந்த விபரீதந்தான் என்னை வருத்துகிறது.

இதைச் சொல்லிவிட்டு நம்மவர்களைப் பற்றிப் பேசாமல் நழுவுவது அழகன்று. பிரயாணம் தொடங்கிய அதே வவுனியா, 1947இல் பாராளுமன்றத்துக்குத் தெரிந்தனுப்பியவர் செ. சுந்தரலிங்கம்; ஒக்ஸ்போர்ட்டில் கற்றவர், கணிதப் பேராசிரியராக விளங்கியவர், அபாரமான புத்திமான். அவரே 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே நுழையாதபடி தடுத்து நின்றவர்களுக்குத் தலைமை வகித்தார். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறிப் பதினொரு வருஷமாகியும், முருகனைப் பார்க்க வந்தவனை மனிதன் மறித்தான். கல்வியில்லாமை என்று இதற்குச் சமாதானம் கூறவும் இயலாது. மறித்தவரின் கல்வி அத்தகையது.

கண்ணகிக்கு நேர்ந்ததையும் நினைத்துப் பார்க்கிறேன். சிலப்பதிகாரத்துத் தலைவியைச் சிங்களவர் பத்தினித் தெய்யோ என்றும், தமிழர் கண்ணகையம்மன் என்றும் தலைமுறை தலைமுறையாக வணங்கிவந்திருக்க, ஆகம வழிப்பட்ட சைவத்தை நிலைநிறுத்தப் பாடுபட்ட ஆறுமுக நாவலர், மானிடப் பெண்ணொருத்தியைத் தெய்வமாக்குவதைக் கண்டித்தார். அந்தச் சீர்திருத்தக் காற்றில் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல, இராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பெயர் மாறின. நாவலருடைய தமிழுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆயினும் ஏழைகளின் தாய் ஒருத்தியை எழுத்துக்குள் அடக்குவதற்காகப் பெயர் மாற்றியது எனக்கு ஒப்பவில்லை. வன்னி அந்தக் காற்றுக்குச் சற்று எட்டவே இருந்தது. வற்றாப்பளையில் அவள் இன்றும் கண்ணகியாகவே இருக்கிறாள்.

கோயில் நந்திக்கடற் களப்பின் கரையில் இருக்கிறது. கூட்டத்தைச் சொல்லி முடியாது. காவடிகளும், பாற்செம்புகளும், மணலில் வரிசையாக மூட்டிய பொங்கலடுப்புகளின் புகையும், ஒலிபெருக்கிக்காரர் காணாமற்போன பிள்ளைகளுக்குத் தாய்மாரைத் தேடிக்கொடுக்கிற ஆரவாரமும் சேர்ந்து, தியானத்துக்கு வந்தவன் எவனாயினும் திரும்பி ஓடத்தக்க இடம் அது. நான் ஒரு மரநிழலில் ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் பானையைப் பார்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நிமிர்ந்து, “தம்பி உள்ளுக்குப் போகேல்லையோ?” என்றார்.

“எனக்குக் கோயிலில் அவ்வளவு ஈடுபாடு இல்லை, அம்மா. கடவுளை நம்புகிறேன்.”

“அதுக்கென்ன, இருங்கோ. பொங்கினாப்போலை தாறன், சாப்பிட்டிட்டுப் போங்கோ.”

பேச்சு 2009ஆம் ஆண்டுக்குச் சென்றது. வன்னியில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் செல்லும். களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய மணற்பரப்பில், மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை, பதுங்குகுழி மாறிப் பதுங்குகுழியாக அவர் குடும்பத்தோடு நகர்ந்திருக்கிறார். பூசாரி இல்லை, விளக்கில்லை, எண்ணெய் இல்லை. “தண்ணிக்கு அங்காலை அம்மாளாச்சி இருக்கிறா எண்டு திசையைப் பாத்துக் கும்பிட்டனாங்கள்” என்றார்.

“கேட்டாவோ?” என்று நான் கேட்டது நாகரிகமற்ற கேள்விதான்.

“கேட்டாவோ கேக்கேல்லையோ ஆருக்குத் தெரியும்? நான் சொல்லிப்போட்டன்.”

இதன் பிறகு செட்டிகுளத்து மெனிக்பாம் முதலிய முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்த மாதங்களிலும் இவ்விதமே திசை பார்த்த பிரார்த்தனைதான் அவருக்குக் கிடைத்தது. ஸ்தாபனமில்லாத ஈசுவர விசுவாசம் என்று நான் புத்தகங்களின் துணைகொண்டு எட்ட முயன்ற நிலையை, இந்த அம்மையார் செல்லடியின் கீழ் எட்டியிருக்கிறார் என்று சொல்லி என் கட்சியை நிலைநாட்டிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அவரோ, போர் ஓய்ந்து பாதை திறந்தவுடன், அரிசியும் பானையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கே திரும்பி வந்திருக்கிறார்.

அன்றியும், இக்கோயிலின் பேரதிசயமாகப் பேசப்படுகிற கடல்நீர் விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு முந்திய வாரம் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்துக்குக் கொண்டுசென்று, அந்த உப்புநீரிலே விளக்கேற்றி, பின்பு வற்றாப்பளைக்கு எடுத்துவருகிறார்கள். உப்புநீரில் திரி எரிவது எவ்வாறு என்று நான் ஆராயப் புகவில்லை. அதற்குப் பின்னாலிருக்கும் ஏற்பாடே என்னை ஈர்த்தது: தீர்த்தமெடுப்பவர் யார், வழியில் மடைபரவி எதிர்கொள்பவர் யார், திரி இடுபவர் யார் என்பதெல்லாம் வழிவழியாக வகுக்கப்பட்ட கடமைகள். அந்த வகுப்பு இல்லையேல் விளக்கும் இல்லை. நான் வெறுக்கின்ற மதிலும் இந்த ஒழுங்கும் ஒரே கையால் கட்டப்பட்டவை என்பது, என் வாதத்துக்கு அசௌகரியமானதோர் உண்மை. கடமை எந்த இடத்தில் உரிமையாகிறது, உரிமை எந்த இடத்தில் தடையாகிறது என்று கோடு கிழித்துக் காட்ட எனக்குத் தெரியவில்லை. மாவிட்டபுரத்தில் அந்தக் கோடு தாண்டப்பட்டது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது.

இவ்வளவும் எழுதியவன், வீட்டுக்குக் குடிசனக் கணக்கெடுப்பு உத்தியோகத்தர் வந்து, “சமயம்?” என்று பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, “இந்து” என்றுதான் சொன்னான். சிருஷ்டிகர்த்தாவை மாத்திரம் நம்புகிறவன் என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் கட்டமில்லை என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தைச் சொல்லக் கூச்சமாயிருக்கிறது: குருந்தூர்மலை இருக்கும் மாவட்டத்தில், என் தத்துவ விசாரத்தின் பொருட்டு ஒரு தலை குறைவாக எண்ணப்படுவதை நான் விரும்பவில்லை.