உறுமும் ஏப்ரல்

தாத்தா வீட்டில் சட்டை மாட்டுவதற்கு ஒரு மான் கொம்பு இருந்தது. தோட்டத்துத் துரை வேட்டைக்குப் போகும்போது துப்பாக்கிப் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் போனவர் தாத்தா. நல்ல கொம்புகள் பங்களாச் சுவருக்குப் போயின. நுனி உடைந்த இந்த ஒன்று மட்டும் லயத்துக்கு வந்தது. வேட்டையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கொம்பும் அதில் தொங்கிய தாத்தாவின் காக்கிச் சட்டையும்தான்.

அதனால், நியூசிலாந்தில் இருக்கும் என் தோழி, "ஏப்ரல்ல வா, மாமா உன்ன மான் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறாராம்" என்றபோது, தலையாட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசித்தேன். என்னோடு இடைநிலைப்பள்ளியில் படித்தவள் அவள். மருத்துவம் படிக்க டனிடின் போனாள், அங்கேயே ஒரு வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாமனாரை முதல் நாளே 'மாமா' என்று கூப்பிட்டிருக்கிறாள். அது ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்து அவரும் அப்படியே இருந்துவிட்டார். இப்போது அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவர் மாமாதான். எழுபத்தொரு வயது, ஆறடி உயரம், வலது முழங்காலில் வலி.

கோலாலம்பூரிலிருந்து ஆக்லாந்து, அங்கிருந்து குவீன்ஸ்டவுன், பிறகு காரில் மலை ஏறி இறங்கினால் வானாக்கா ஏரி. ஏரியின் தலைப்பக்கம் மக்கரோரா என்ற சின்ன ஊர். ஏப்ரல் அங்கே இலையுதிர் காலம். பாப்லர் மரங்கள் மஞ்சள்தூளைக் கொட்டிவிட்டதுபோல் நிற்கின்றன. எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் காலண்டர் படம். அந்த அழகை ரசிக்க விடாமல் கடிக்கிற சாண்ட்ஃபிளை என்ற பூச்சியைப் பற்றி எந்தச் சுற்றுலாப் புத்தகமும் சத்தமாகச் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன்: முழுக்கால் சட்டையும் பூச்சித் தைலமும் கட்டாயம்.

நியூசிலாந்தின் நிலத்தில் வௌவாலைத் தவிர வேறு பாலூட்டி எதுவும் ஆதியில் கிடையாது. மான்களெல்லாம் கப்பலில் வந்தவை. 1851 முதல் ஆங்கிலேயக் குடியேறிகள் கொண்டுவந்து விட்டார்கள். இந்த ஒட்டாகோ மலைகளில் திரியும் சிவப்பு மான்களின் மூதாதையர் 1871இல் ஸ்காட்லாந்தின் இன்வர்மார்க் என்ற இடத்திலிருந்து வந்தவை. நமக்குத் தெரிந்த கடமான்கூட அங்கே உண்டு. 1875இல் இலங்கையிலிருந்து போனது, வடக்குத் தீவில் இன்றும் இருக்கிறது. தோட்ட வேலைக்கு நம்மவர்களைக் கப்பலேற்றிய அதே காலத்தில், அதே தீவிலிருந்து மானையும் கப்பலேற்றியிருக்கிறார்கள்.

தின்பதற்குப் பச்சைக் காடு, துரத்துவதற்கு ஒரு விலங்கும் இல்லை. மான்கள் பெருகி, காட்டின் இளங்கன்றுகளையெல்லாம் மேய்ந்து தீர்த்தன. 1930இல் அரசாங்கமே கூலி கொடுத்துச் சுடச் சொன்னது. பிறகு ஹெலிகாப்டர்கள் வந்தன. மாமா தன் இருபதாவது வயதில் ஹெலிகாப்டரின் திறந்த கதவோரம் உட்கார்ந்து சுட்டவர். இறைச்சி ஜெர்மனிக்கு ஏற்றுமதியானது. "அது வேட்டை இல்ல, வேலை. சம்பளம் நல்லா இருந்துச்சு, தூக்கம் நல்லா இல்ல" என்றார்.

இன்றைக்கும் அரசாங்கக் காட்டில் சிவப்பு மானைச் சுடத் தடைக்காலம் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும், காட்டுக்குள் போக இலவச அனுமதிச் சீட்டு வேண்டும், அவ்வளவுதான். புலிக்கே இரை போதாமல், பல ஆண்டுகளாகக் கடமான் வேட்டைக்கு உரிமம் கொடுக்காத தீபகற்ப மலேசியாவிலிருந்து போன எனக்கு இது தலைகீழாக இருந்தது. அங்கே மான் சுடுகிறவர் காட்டுக்கு நல்லது செய்கிறவர்.

சட்டம் போடாத தடைக்காலத்தை மாமா தானே போட்டுக்கொண்டிருக்கிறார். நவம்பர், டிசம்பரில் ஆண்மான்களின் புதுக் கொம்பு வெல்வெட் தோலோடு வளரும். அப்போது தொலைநோக்கியை மட்டும் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வருவார். வசந்தத்தில் புதுப்புல் தேடி மான்கள் கீழே இறங்கும்போது வீட்டுக் குளிர்பெட்டிக்கு ஒரு இளமான். குளிர்காலத்தில் முழங்காலுக்கு ஓய்வு. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை 'ரோர்'. இணைசேரும் காலம் அது. ஆண்மான்கள் தீனியைக்கூட மறந்து, சேற்றில் புரண்டு, இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். அந்த மூன்று வாரத்துக்காகத்தான் மற்ற நாற்பத்தொன்பது வாரமும் என்றார் மாமி.

மாமாவின் கொம்புகள் வீட்டுக்குள் இல்லை, மாமி அனுமதிக்கவில்லை. கார் கொட்டகையின் சுவரில் பதினொரு ஜோடி. ஒவ்வொன்றின் பலகையிலும் தேதி, பென்சிலில் ஓர் எண். நீளம், பருமன், கிளைகளின் ஒழுங்கு எல்லாவற்றையும் அளந்து போடும் 'டக்ளஸ் ஸ்கோர்' அது. நல்ல சிவப்பு மான் கொம்புக்கு 300 என்பது எல்லோரும் கனவு காணும் எண். மாமாவின் மிகச் சிறந்தது 287. அந்தப் பதின்மூன்று புள்ளிகளைப் பற்றிப் பேசும்போது, பரீட்சையில் ஒரு மார்க்கில் ஏ-வைத் தவறவிட்ட பையனின் முகம் அவருக்கு வந்துவிடுகிறது.

பன்னிரண்டாவதாக ஒரு பலகை இருந்தது. ஏப்ரல் 1998 என்று தேதி இருந்தது, கொம்பு இல்லை. விழுந்துவிட்டதா என்று கேட்டேன். "மேல போனப்புறம் சொல்றேன்" என்றார்.

மறுநாள் நான்கு மணி நேரம் ஆற்றோரமாக நடந்து ஒரு மரக் குடிசைக்குப் போனோம். என் கணவர் குழந்தைகளோடு கீழேயே தங்கிவிட்டார், கெட்டிக்காரர். என் பையில் ஒலிப்பதிவுக் கருவியும் மைக்கும். வானொலிக்காரிக்கு இந்தப் பயணத்தில் வேண்டியிருந்தது இறைச்சியோ கொம்போ இல்லை, அந்த உறுமல்தான். இருட்டிய பிறகு வந்தது. சிங்கமும் மாடும் ஒரே தொண்டையில் இருப்பதுபோல ஒரு நீண்ட முனகல், கடைசியில் மூன்று நான்கு இருமல். மலைச் சரிவு அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. கைத்தண்டை மயிர் நின்றுவிட்டது.

மாமா கேஸ் அடுப்பில் தேநீர் போட்டுக்கொண்டே அந்தப் பலகையின் கதையைச் சொன்னார். ரோர் காலத்தில் வேட்டைக்காரர்களும் உறுமுவார்கள். மாட்டுக் கொம்பையோ பிளாஸ்டிக் குழாயையோ வாயில் வைத்து உறுமினால், போட்டிக்கு வந்த ஆண்மான் என்று நினைத்துக் காட்டு மான் நெருங்கி வரும். அன்றைக்கு மாமா உறுமினார். எதிர்ச் சரிவிலிருந்து பதில் வந்தது. நாற்பது நிமிடம் மாறி மாறி உறுமல். பிறகு புதருக்குள் பழுப்பு நிறம் அசைந்தது. ரைபிளின் தொலைநோக்கியில் பார்த்தார். உடம்பு தெரிந்தது, கொம்பு தெரியவில்லை. கொம்பு தெரியட்டும், எத்தனை கிளை என்று எண்ணலாம் என்று காத்திருந்தார். அந்தப் பழுப்பு கையைத் தூக்கி மூக்கைத் துடைத்தது.

கம்பளிச் சட்டை போட்ட ஒரு மனிதர். அவர் கையிலும் மாட்டுக் கொம்பு, மடியில் ரைபிள். நாற்பது நிமிடமாக இரண்டு மனிதர்கள் ஒருவரை ஒருவர் மான் என்று நம்பிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"கொம்பு ஆசை இருந்ததால நின்னேன். வெறும் இறைச்சிக்குப் போயிருந்தா சுட்டிருப்பேன்" என்றார் மாமா. இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. இலக்கு இன்னதுதான் என்று துளி சந்தேகமும் இல்லாமல் தெரிந்த பிறகே சுட வேண்டும் என்பது அந்த நாட்டின் துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று. அந்த விதியை மீறிய வேட்டைக்காரர் கையால் இன்னொரு வேட்டைக்காரர் இறந்துபோவது அங்கே அவ்வப்போது நடக்கிறது. இப்போது பலரும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் உடுத்துகிறார்கள். நானும் அப்படித்தான், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் தொண்டர் மாதிரி இருந்தேன்.

மாமாவின் ஸ்காட்லாந்துக் கனவு எனக்கு அப்போதுதான் புரிந்தது. பல வருடங்களாகப் பணம் சேர்க்கிறார். மாமிக்கு இது பெரிய கேலி. அங்கே மலை மான்களுக்குத் தீனி குறைவு, கொம்பும் சின்னது. பேரன் பேத்திகள் இங்கே கொழுத்துவிட்டன, தாத்தா பாட்டிகள் அங்கே இளைத்தே இருக்கின்றன. "கொட்டகையில இருக்கறதவிடச் சின்னக் கொம்புக்கு அவ்வளவு காசு குடுப்பாங்களா?" என்பது மாமியின் கேள்வி. இங்கே இலவசமாக நடக்கிற மலை அங்கே ஏதோ ஒரு நில உரிமையாளருக்குச் சொந்தம். காசு கட்டி, முதலில் அட்டையைச் சுட்டுக் காட்டி, குறி சரி என்று எஸ்டேட்டின் வேட்டைக் காவலர் ஒத்துக்கொண்டால்தான் மலை ஏறலாம். எந்த மானைச் சுடுவது என்பதையும் அவர்தான் சொல்வார். சில எஸ்டேட்டுகளில் இன்னும் மட்டக்குதிரையில்தான் மானைக் கீழே இறக்குகிறார்கள்.

மாமாவின் கொள்ளுத்தாத்தா அந்த மலைநாட்டிலிருந்து வந்தவர், இடையர். அதுவும் ஒரு காரணம். ஆனால் மாமா சொன்னது வேறு. "அங்க அந்த மலையில அன்னிக்கு யார் யார் இருக்காங்கன்னு காவலருக்குத் தெரியும். உறுமல் கேட்டா அது மான்தான். ஒரு தடவையாவது அப்படிக் கேக்கணும்." தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் காட்டு விளிம்பில் உட்கார்ந்தோம். காதில் ஹெட்ஃபோன், கையில் மைக். மாமா மாட்டுக் கொம்பை எடுத்து உறுமினார். மூன்றாவது உறுமலுக்குப் பதில் வந்தது. அடுத்தது இன்னும் கிட்டே. கிளை முறியும் சத்தம் ஹெட்ஃபோனில் துல்லியமாகக் கேட்டது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அறுபது எழுபது மீட்டரில் புதர் அசைந்தது. அதற்குள் ஏதோ கருப்பாக நின்றது.

"நீ சத்தத்தோட வேலை செய்யற பொண்ணு. என்ன அது?" என்று கிசுகிசுத்தார்.

"மான்தான், மாமா."

"எவ்வளவு நிச்சயம்?"

யோசித்துப் பார்த்தேன். "தொண்ணூறு சதவீதம்."

அவர் போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தார். சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் போட்டார். பிறகு "ஹலோ!" என்று சத்தமாகக் கூப்பிட்டார். பதில் இல்லை. தடதடவென்று எதுவோ சரிவில் ஓடியது.

காலையில் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தோம். மான் புரண்ட சேற்றுக்குழி, புது ஈரம், ஆட்டுக்கிடா நாற்றம், என் உள்ளங்கை அகலத்துக்குக் குளம்படி. பக்கத்து மரப்பட்டையைக் கொம்பால் உரித்திருந்த உயரத்தை மாமா கையால் அளந்தார். ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும் வழி முழுக்க முகம் கடுகடுவென்றிருந்தது. ஆற்றைக் கடக்கும்போது மட்டும், "அது முந்நூறு இருந்திருக்கும்" என்றார், ஏதோ நான்தான் எடுத்து ஒளித்துவைத்துவிட்ட மாதிரி.

அன்றிரவு தோழி போன வசந்தத்து மானிறைச்சியை எடுத்து, நம்மூர் பாபாஸ் மசாலா போட்டுப் பிரட்டல் செய்தாள். ஆட்டிறைச்சியைவிடக் கொழுப்பு குறைவு, கொஞ்சம் அதிகமாக வேகவிட்டாலும் விறைத்துவிடுகிறது. மாமா இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார். கோபம் பாதி தீர்ந்திருந்தது.

இந்த வருடம் செப்டம்பர் கடைசியில் ஸ்காட்லாந்தில் உறுமல் தொடங்கும்போது இரண்டு நாள் வேட்டைக்கு முன்பணம் கட்டிவிட்டார். முழங்கால் அறுவை சிகிச்சை முதலா, ஸ்காட்லாந்து முதலா என்பதில் வீட்டில் இன்னும் உடன்பாடு இல்லை. என் ஒலிப்பதிவைக் கேட்டிருந்தார், அனுப்பிவைத்தேன். மறுநாள் பதில் வந்தது: "ரெண்டாவது உறுமலுக்கு அப்புறம் வர்ற அந்த மூணு இருமல், அது எந்த மனுஷனுக்கும் வராது. அடுத்த தடவை தொண்ணூத்தஞ்சாவது சொல்லு."