சாலை வழியே வந்த படகு

கன்னிவாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் எதிரே மலை. அதற்கு மேலே, உள்ளே தள்ளி, கொடைக்கானல் ஏரி. 1863-ல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் உண்டாக்கியது. ஏரியில் விட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து தருவித்தாராம். மோட்டார் ரோடு வர வெகுகாலம் இருந்தது. அடிவாரம் வரை மாட்டுவண்டி வந்திருக்கலாம். அதற்கு மேல் ஆள் தோள்தான். ஏரியில் துடுப்புப் போடுகிறவர்கள் யாரும் இதை நினைப்பதில்லை. எனக்கு மட்டும் நினைவு வரும், காரணம் என் அண்ணன்.

1962 ஆகஸ்ட் 16-ந் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்கு வயது 12. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணன் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. அதன்பின் நாங்கள் இருவரும் சேர்ந்திருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

2009-ல் போயிருந்தேன். அவரிடம் ஒரு சின்னப் பாய்மரப் படகு, இரண்டு பேர் முடங்கிப் படுக்கலாம். ட்ரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் மாட்டி, 250 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு பிரித்தானி கடற்கரைக்குப் போனோம். மொர்பியான் வளைகுடாவில் லார்மோர்-பாதன் என்ற ஊர். புதுச்சேரியில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான். அங்கே அதைவிட எவ்வளவோ அதிகம். தண்ணீர் வற்றிய நேரத்தில் போனால் படகை இறக்கும் சரிவு சேற்றில் போய் முடியும். அதனால் கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துத்தான் வீட்டைவிட்டே கிளம்ப வேண்டும். அந்தச் சரிவுக்கு பிரெஞ்சில் 'கால்' என்று பெயர். நமக்கு நன்றாக வாயில் வருகிறது.

போனவுடன் இறக்கிவிட முடியாது. நெடுந்தூரம் ஓடிய சக்கரத்தின் பேரிங் சூடாயிருக்கும். சூட்டோடு முக்கினால் உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பாய்மரத்தை நிமிர்த்தலாம். அதற்கு முன் தலைக்குமேல் மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மரம் அலுமினியமாயிற்றே. சுக்கான், பாய், தண்ணீர்க் கேன் எல்லாம் மேலேயே ஏற்றிவிட வேண்டும். சரிவில் நின்றுகொண்டு சாமான் தேடினால் பின்னால் காத்திருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். முன்பக்கக் கயிற்றைக் கடைசியில்தான் அவிழ்க்க வேண்டும். அண்ணன் இதையெல்லாம் தாசில்தார் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார்.

படகின் அடியில், பின்பக்கம், தண்ணீர் வடிய ஒரு ஓட்டை உண்டு. அதற்கான தக்கையை என் கையில் கொடுத்து, "இதை மாட்டுடா" என்றார். அந்த நேரம் பார்த்து யாரோ வழி கேட்டார்கள். பிரெஞ்சில் பேசக் கிடைத்த சந்தோஷத்தில் தக்கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விளக்கம் சொல்லப் போய்விட்டேன்.

படகு இறங்கியது. நான் உள்ளே ஏறி உட்கார்ந்தேன். கால் நனைந்தது.

அண்ணன் கத்தவில்லை. "முன்கயிறு இன்னும் அவிழ்க்கலை, பரவாயில்லை" என்று வின்சைச் சுற்றிப் படகை மறுபடி ட்ரெய்லரில் ஏற்றினார். மேலே இழுத்து நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டை வழியே வடிய ஆரம்பித்தது. அரை மணி நேரம். நான் தலை குனிந்து நின்றேன். "அப்பாவுக்கு அன்றைக்குக் கோபமா?" என்று திடீரென்று கேட்டார். எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. "இல்லண்ணா. உங்க கட்டிலை மட்டும் யாரையும் எடுக்க விடலை" என்றேன். அவர் வடிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இரண்டு நாள் தீவுகளுக்கிடையே சுற்றினோம். இரவு ஆழமில்லாத இடத்தில் நங்கூரம் போட்டோம். தண்ணீர் வற்றியதும் படகு மெல்லச் சேற்றில் உட்கார்ந்தது. பேசிக்கொண்டே தூங்கிப்போனோம்.

2017-ல் அண்ணன் காலமானார். அடுத்த வருடம் படகையும் ட்ரெய்லரையும் விற்க அவர் மகள் ஏற்பாடு செய்தாள். ட்ரெய்லர் பெட்டியில் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாள் கிடைத்ததென்று படம் அனுப்பினாள். இறக்குமுன் பார்க்க வேண்டியவற்றின் பட்டியல், பிரெஞ்சில். ஒரே பள்ளியில் எழுதிப் பழகிய கை, என் எழுத்துப் போலவே இருந்தது. முதல் வரி: 'தக்கை. தம்பியின் சட்டைப்பையில் பார்.' அந்த ஒரு முறைக்குப் பிறகு நான் அந்தப் படகில் ஏறியதே இல்லை.

"இதை நீங்க வெச்சுக்கிறீங்களா சித்தப்பா, இல்லை வாங்கறவரிடம் கொடுத்துடவா?" என்று கேட்டாள்.

படகோடு போக வேண்டிய ஃபைல் அது, கொடுத்துவிடு என்றேன். எனக்கு ஒரு ஜெராக்ஸ் போதும்.